ஷாக் அப்சார்பர்: உறிஞ்சியா, தணிப்பானா?

"பின்னாடி ஷாக் உக்காந்துருச்சுண்ணே, ஆயில் கக்குது" என்று மெக்கானிக் சொன்னால், பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஷாக் அப்சார்பர் என்ற நீளமான பெயர் பட்டறையில் 'ஷாக்' என்று சுருங்கி வெகுகாலம் ஆகிறது. தமிழில் எழுதுவோர் இதை அதிர்வு உறிஞ்சி, அதிர்வேற்பி, அதிர்ச்சி தாங்கி என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இவற்றில் எதுவும் நிறைவாக இல்லை. ஆங்கிலப் பெயரே அந்த உறுப்பின் வேலையைத் தவறாகச் சொல்கிறது. நாம் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் தவறும் கூடவே வந்துவிட்டது.

பழைய புல்லட் ஒன்றின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால் இது கையிலேயே தெரியும். இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் உருவாகி 1949-ல் விற்பனைக்கு வந்த 350 சிசி புல்லட்டில் பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் (சக்கரத்தை இருபுறமும் பிடித்து மேலும் கீழும் அசையும் கை) எண்ணெய் ஷாக்கும் இருந்தன. அன்றைய வண்டிகள் பலவற்றில் பின்பக்கச் சட்டம் அசையாத இரும்பு. ஓட்டுபவரைக் காத்தது சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் மட்டுமே. புல்லட்டைத் தயாரித்த ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை உருவாக்கியது. அதன்பின் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுகளும் இதே ஏற்பாட்டோடுதான் வந்தன.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, செயினையும் பின்சக்கரத்தையும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் உள்ள நட்டுகளைக் கழற்றினால் ஷாக் தனியே வரும். ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அமுக்கிப் பிடித்துத்தான் பிரிக்க வேண்டும். நழுவினால் விரல் போய்விடும். இரும்புப் பாகங்களை டீசலில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்க்கலாம். ஷாக்கின் மாட்டும் துளைகளில் இருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷை மட்டும் டீசலில் போடாதீர்கள், ஊதிப் போகும். எல்லாவற்றையும் துடைத்து வைத்தால் இரண்டு பொருள்கள் மிஞ்சும்: ஒரு ஸ்பிரிங், எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய். ஸ்பிரிங்கை அமுக்கினால் அதே வேகத்தில் திருப்பித் தள்ளும். குழாயை நிமிர்த்திப் பிடித்து அதன் தண்டை அமுக்கினால் மெதுவாக இறங்கி, விட்ட இடத்திலேயே நிற்கும். மேலே இழுத்தால் இன்னும் முரண்டு பிடிக்கும். தண்டில் துருப்புள்ளி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அந்தப் புள்ளிதான் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்து எண்ணெயைக் கக்க வைக்கும்.

பள்ளத்தில் விழும் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். ஆனால் வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது. அப்படியே திருப்பித் தருவதால், ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்கு வண்டி பல முறை துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது குழாய். உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகிறது. துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. மோசமான சாலையில் நெடுநேரம் ஓட்டிவிட்டுக் குழாயைத் தொட்டால் சூடு தெரியும்.

பிறகு ஏன் ஷாக் அப்சார்பர் என்ற பெயர்? ஷாக் என்பது மோதல், தாக்குதல் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அப்சார்ப் என்பதற்கு மூலம், உறிஞ்சு என்று பொருள்படும் லத்தீன் வினை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்கு வந்த ட்ரூஃபோ-ஹார்ட்ஃபோர்ட் கருவியும் இந்தப் பெயரில்தான் விலைபோனது. அதில் எண்ணெய்கூட இல்லை. ஒன்றோடொன்று உராயும் தட்டுகள் துள்ளலைப் பிடித்து நிறுத்தின. பிரிட்டிஷ் பொறியாளர்கள் விரும்பிச் சொல்வது டாம்பர். அதன் வேர்ச்சொல்லுக்கு ஆவி, புகை என்று பொருள். மூச்சுமுட்டச் செய்தல், நெருப்பை அடக்குதல் என்று நகர்ந்து அதிர்வைக் குறைத்தலுக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் அமோர்த்திசர் என்பார்கள். அதன் வேரில் இருப்பது சாவு. ஜெர்மானியருக்கு அது ஷ்டோஸ்டெம்ஃபர், மோதலை மட்டுப்படுத்துவது. உறிஞ்சல் இவற்றில் எதிலும் இல்லை.

தமிழில் இதற்கென்றே காத்திருந்ததுபோல ஒரு வினை இருக்கிறது: தணி. வெயில் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் என்றே திருத்தணிக்குப் பெயர்க்காரணம் சொல்வார்கள். பொங்கியது படிப்படியாக இறங்கி அமைதிக்கு வருவதே தணிதல். ஒரேயடியாக நிற்பது தணிதல் ஆகாது. எண்ணெய்க் குழாய் செய்வதும் அதைத்தான். ஆகவே தணிப்பான் என்பதே என் தேர்வு. இயற்பியல் பாடநூல் இதே நிகழ்வைத் தடையுறு அலைவு என்கிறது. அது சரியான கலைச்சொல்தான். ஆனால் தடை என்றதும் முற்றாக நிறுத்துவது என்ற எண்ணமும் வந்துவிடுகிறது.

ஸ்பிரிங்குக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. வில்வண்டி என்று நம் ஊரில் சொன்னபோதே வில் வந்துவிட்டது. லாரிப் பட்டறையில் பட்டை என்பதும் இதன் இனம்தான். வில்வண்டிக்குத் தனியாகத் தணிப்பான் கிடையாது. அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்தே துள்ளலை ஓரளவு தணித்துக்கொண்டன. சஸ்பென்ஷன் என்ற சொல், குதிரை வண்டியின் உடலைத் தோல் வாரில் தொங்கவிட்ட காலத்தது. மோட்டார் சைக்கிளில் எதுவும் தொங்கவில்லை. எனவே தொங்கலமைப்பு என்று பெயர்ப்பதைவிட வில்லமைப்பு என்பது மேல். ஸ்விங் ஆர்முக்குப் பின்கவை என்று சொல்லிப் பார்க்கிறேன். கிளை பிரியும் மரத்துண்டைக் கவை என்போம்; சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் வடிவம் அதுதான். புஷ் புஷ்ஷாகவே இருக்கட்டும்.

பட்டறையில் இந்தப் பிரிவினைக்குப் பயன் உண்டு. சீட்டை ஓங்கி அமுக்கி விடுங்கள். வண்டி எழும்பி ஒரே முறையில் அடங்கினால் நல்லது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் "ஷாக் போச்சு" என்று முழுசாக மாற்றச் சொல்வார்கள். "வில் நல்லாத்தான் இருக்கு, தணிப்பான்தான் போச்சு" என்று சொல்ல முடிந்தால், பிரிக்கக்கூடிய பழைய வகை ஷாக்குக்குப் புது சீலும் எண்ணெயும் போதுமா என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.