மூச்சு இழுத்த நாளில் துறைமுகத்தில் என்ன இறங்கியது?

மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துக் கணக்குப் போடுவது என் வேலை. நான் மருத்துவர் இல்லை, புள்ளியியல் படித்தவள். எந்த நாளில் எத்தனை பேர் ஆஸ்துமா முற்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள், அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது என்று பொருத்திப் பார்ப்பேன். இதைக் கேள்விப்பட்டதும் பெற்றோர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மேடம், இன்னிக்கு ஏ.கியூ.ஐ. நூறுக்குள்ளதான் காட்டுது. பையனை வெளியில விளையாட விடலாம்ல?"

ஏ.கியூ.ஐ. என்பது காற்றின் தரத்தைக் காட்டும் எண், கூடக் கூடக் காற்று மோசம். பதில் சொல்வதற்கு முன் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1981 முதல் 1987 வரை அந்த ஊரில் 26 முறை ஒரே மாதிரி நடந்தது. திடீரென்று ஒரு நாள், சில மணி நேரத்துக்குள், ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவமனைகளில் வந்து குவிவார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி இருக்கும். சிலர் இறந்தும் போனார்கள். பெரிய ஊர், வண்டிப் புகை, தொழிற்சாலைப் புகை என்று சந்தேகப்பட நிறைய இருந்தது. ஆனால் நோயாளிகள் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் துறைமுகத்தின் பக்கமாகத் திரண்டு நின்றன.

யோசெப் மரியா அன்டோ, ஜோர்டி சுன்யெர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அடுத்துச் செய்த வேலையை நான் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கான துறைமுகச் சரக்குக் கணக்கை எடுத்தார்கள். கப்பலிலிருந்து இறங்கிய 26 வகைப் பொருட்களையும் நோய் வெடித்த நாட்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் அப்படிப்பட்ட நாட்கள் 13. பதின்மூன்றிலும் சோயா பீன்ஸ் இறங்கியிருந்தது.

கோதுமையும் சந்தேகப் பட்டியலில் வந்தது. இங்கேதான் கணக்கு கைகொடுக்கிறது. சோயாவும் கோதுமையும் ஒரே நாளில் இறங்கினால் எது குற்றவாளி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோயாவின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது கோதுமையின் தொடர்பு நிற்கவில்லை. கோதுமையைக் கழித்துப் பார்த்தபோதும் சோயாவின் தொடர்பு அப்படியே இருந்தது. சோயா இறங்கினால் மட்டும் போதாது, காற்றும் ஒத்துவர வேண்டும். நோய் வெடித்த எல்லா நாளிலும் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் மெல்லிய காற்று வீசியிருந்தது. பாதிக்கப்பட்ட 86 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 64 பேருக்கு சோயாவுக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட 86 பேரில் 4 பேருக்குத்தான் இருந்தது. துறைமுகத்துத் தானியக் குதிர் ஒன்றின் உச்சியில் தூசி பிடிக்கும் வடிகட்டிப் பை இல்லை, அவ்வளவுதான் காரணம். வடிகட்டி போட்டதும் நோய் வெடிப்புகள் நின்றன.

புகையையும் கந்தக டை ஆக்சைடையும் அளக்கும் கருவிகளை மட்டும் நம்பியிருந்தால் இது பிடிபட்டிருக்காது. சோயாத் தூசி என்று ஒரு கட்டமே அவற்றில் கிடையாது. நாம் கொடுக்காத தகவலைப் பற்றி எந்தக் கணக்கும் வாய் திறக்காது.

எங்கள் அன்றாட வேலையில் இவ்வளவு பளிச்சென்று எதுவும் வராது. காற்றில் நுண்துகள் பி.எம். 2.5 ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் ஆஸ்துமா வருகை சில விழுக்காடுதான் கூடும். நாளுக்கு 50 பேர் வரும் இடத்தில் 2 விழுக்காடு என்றால் ஒரே ஒருவர். அந்த ஒருவர் மழையால் வந்தாரா, சளிக் காய்ச்சலால் வந்தாரா, திங்கட்கிழமைக் கூட்டத்தில் வந்தாரா என்று பிரித்தாக வேண்டும். அதற்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. நோய் வந்த நாளை, அதே ஆளின் அதே மாதத்து, அதே கிழமையின் மற்ற நாட்களோடு ஒப்பிடுவது. அவர் வீடு, வயது, பரம்பரை எதுவும் மாறவில்லை, மாறியவை காற்று, வானிலை, ஊரில் சுற்றும் சளிக் காய்ச்சல் போன்றவைதான். வானிலையையும் காய்ச்சலையும் கணக்கில் சேர்த்துக் கழித்தால் காற்றின் பங்கு தெரியவரும்.

ஆனால் இதற்குப் பதிவேடு சரியாக இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் ஒரே நோய் 'வீசிங்', 'இளைப்பு', 'மூச்சுத்திணறல்', 'பி.ஏ.' (ப்ராங்கியல் ஆஸ்துமா) என்று நாலு பெயரில் இருந்தது. இரவில் வந்தவர்கள் எல்லாருக்கும் காலை 8 மணி என்று போட்டிருந்தது, ஷிப்ட் மாறும்போது மொத்தமாக எழுதியிருக்கிறார்கள். அத்தனை நெருக்கடியில் வேலை செய்பவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் வந்த நேரமும், மூச்சு முட்டியபோது இருந்த இடமும் அன்றே எழுதப்படவில்லை என்றால் பிறகு யாராலும் மீட்க முடியாது.

சரி, அந்த ஏ.கியூ.ஐ. கேள்வி. இந்தியக் கணக்கில் நூறு என்பது பி.எம். 2.5-ஐப் பொறுத்தவரை 24 மணி நேர சராசரி 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. நான்கு மடங்கு. அதிலும் அது சராசரி. சாயங்காலம் இரண்டு மணி நேரம் தெருமுனையில் குப்பை எரிந்தால் அந்த எண் அசையாமல் இருக்கலாம், உங்கள் பையன் அசந்துபோவான். அதனால் எண்ணைப் பாருங்கள், பையனையும் பாருங்கள். எண் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், எங்கே இருந்தான், பக்கத்தில் என்ன நடந்தது, எத்தனை பஃப் எடுத்தான். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அப்படி எழுதினார். எட்டு வரி சேர்ந்தபோது ஆறு வரி செவ்வாயும் வெள்ளியும், டியூஷன் முடிந்து வந்த பிறகு. டியூஷன் வீட்டுக்கு அடுத்தது மரம் அறுக்கும் பட்டறை. எட்டு வரியை வைத்து நான் எதையும் நிரூபிக்க மாட்டேன். ஆனால் அவர்களுடைய மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருந்தது. டியூஷனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூச்சு இழுக்காத நாட்களையும் அதே நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இது இரண்டாவது மாதம்.