சொல் விளக்கம்: உறைபதன ஒட்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ‘ஒட்டு’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதி புரட்டுவதில்லை. பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து பிடித்திருப்பது ஒட்டுப்பால். சாலையோரம் தேநீர் ஆற்றும் இடம் ஒட்டுக்கடை. தோட்டங்களில் நட்டதும் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுதான். இதே சொல்லை அறுவை சிகிச்சைக் கூடத்துக்குள்ளும் தயங்காமல் கொண்டுபோகலாம்.

மூச்சுக்குழாயின் கெட்ட பகுதியை வெட்டிய இடத்தில், பிறரிடமிருந்து எடுத்து உறையவைத்துக் காத்த திசுவைத் தைப்பதுண்டு. அந்தத் திசுவை மருத்துவர்கள் ‘கிரையோபிரிசர்வ்டு அலோகிராஃப்ட்’ என்பார்கள். ‘கிரையோ’ கிரேக்கத்தில் கடுங்குளிர். ‘அலோ’ என்றால் பிற. ‘கிராஃப்ட்’ வந்த வழி சுவையானது. கிரேக்க மொழியில் எழுத்தாணியைக் குறித்த சொல் லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக நகர்ந்து, எழுத்தாணிபோல் சீவிய ஒட்டுக்குச்சிக்குப் பெயரானது. தோட்டக்காரர் சொல்லைத்தான் பிறகு மருத்துவர் எடுத்துக்கொண்டார்.

‘சார், செத்தவங்க தொண்டைக்குழாயை எடுத்தா வைக்கிறாங்க?’ என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். இல்லை, தம்பி. வைப்பது பெருந்தமனித் துண்டு, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய். பெரியவர்களின் மூச்சுக்குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளம்தான். அதில் பாதி வரை வெட்டினால் இரு முனைகளையும் இழுத்துத் தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் முனைகள் எட்டாது. வேறொருவரின் மூச்சுக்குழாயை அப்படியே வைப்பதும் எளிதல்ல. அதற்கு இரத்தம் தருபவை மிக நுண்ணிய நாளங்கள், பிடித்து இணைக்க ஒரு பெரிய நாளம் கிடையாது.

பாரிஸுக்கு அருகிலுள்ள பொபினியின் அவிசென் மருத்துவமனையில் எம்மானுவேல் மார்ட்டினோ குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். கொடையாளரின் பெருந்தமனியை மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து, பின் உருக்கி, வெட்டிய இடத்தில் தைத்தார்கள். அது மூச்சிழுக்கும்போது சப்பையாகிவிடாதிருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற ஒரு தாங்குகுழல். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படவில்லை. 2018இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், மூச்சுக்குழாயிலோ அதன் கிளைகளிலோ ஒட்டு வைக்கப்பட்டவர்கள் 13 பேர். ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பின் 10 பேர் உயிருடன் இருந்தார்கள். அவர்களில் 8 பேர் ஸ்டென்ட் எடுத்த பிறகும் இயல்பாக மூச்சுவிட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஒட்டு வைத்த இடத்தில் புதுக் குருத்தெலும்பு உருவாகியிருந்தது.

நம் ஒட்டுக்கன்றிலிருந்து இது விலகுவது இங்கேதான். ரப்பரில் ஒட்டிய மொட்டுதான் மரமாக வளர்கிறது. அடிக்கன்று வேரோடு சரி. இங்கே தலைகீழ்: ஒட்டியது சாரமாக நிற்க, அதைப் பற்றிக்கொண்டு நோயாளியின் சொந்தத் திசு வளர்கிறது. அதனால் செய்திகளில் வரும் ‘மூச்சுக்குழாய் மாற்று’ என்ற தொடர் எனக்கு உடன்பாடில்லை. மாற்று என்றால் இதயம்போல ஒன்றை எடுத்து அதே உறுப்பை வைப்பது. இதை ‘மூச்சுக்குழாய் மறுசீரமைப்பு’ என்பதே பொருந்தும்.

சரி, மூச்சுக்குழாயின் ஆங்கிலப் பெயரான ‘ட்ரக்கியா’ எங்கிருந்து வந்தது? கிரேக்கர்கள் அதைச் சொரசொரப்பான ‘ஆர்ட்டீரியா’ என்றார்கள். ‘ட்ரக்கியா’ என்பதே சொரசொரப்பு. தமனிக்கும் ‘ஆர்ட்டீரியா’ என்றுதான் பெயர். பிணத்தை அறுத்தால் தமனிகள் வெறுமையாக இருந்ததால், அவற்றிலும் காற்றுதான் ஓடுகிறது என்று பழைய மருத்துவர்களில் பலர் நம்பினார்கள். ‘அயோர்ட்டா’ என்ற சொல்லையே பழங்கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீஸ் வழி நூல்களில் மூச்சுக்குழாய்க் கிளைகளுக்கு வைத்திருந்தார்கள். பெருந்தமனிக்கு அதைச் சூட்டியவர் அரிஸ்டாட்டில். நம் ‘தமனி’யும் லேசுப்பட்டதல்ல. அது வடமொழிச் சொல். ஊதுதல் என்று பொருள்படும் ‘தம்’ என்ற வேரில் பிறந்தது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் ஒரே குழாய்ப் பெயரை இரண்டு பண்பாடுகள் வைத்திருக்க, இன்று அந்தத் தமனியே காற்று போகும் வழியில் தைக்கப்படுகிறது.

மூச்சுக்குழாய் என்ற சொல் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாயில் ‘திராக்கியா’ ஆகிவிடுகிறது. சுவாசக்குழாய் என்றாலும் தவறில்லை. உறையவைத்துக் காப்பதற்கு ‘உறைபதனம்’ போதும். குளிர்பதனம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஆக, முழுத் தொடர்: உறைபதனக் கொடையொட்டு. எதை ஒட்டினார்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘உறைபதனப் பெருந்தமனி ஒட்டு’.

ஸ்டென்ட்டை மட்டும் விட்டுவிடலாம். அது சார்லஸ் ஸ்டென்ட் என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவரின் பெயர். ஆள் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.