முதலில் மூலக்கதை, பிறகு கேலிக்கதை

சென்ற மாதம் நூலகப் பாடவேளை முடிந்ததும் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, “அந்த ஓநாய் பாவம் மிஸ், தும்மினதுக்குப் போயா ஜெயில்ல போட்டாங்க?” என்று கண் கலங்கக் கேட்டாள். பிறந்தநாளுக்கு வீட்டில் வாங்கிக் கொடுத்த புத்தகம் அவள் கையில் இருந்தது. மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை ஓநாய் தன் கட்சியாகச் சொல்லும் அந்த நூலை அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஷெஸ்கா எழுதி 1989இல் வெளியிட்டார். பாட்டிக்குக் கேக் செய்வதற்காகச் சர்க்கரை கடன் கேட்கப் போனதாகவும், சளித் தும்மலில் வீடு தானாக விழுந்ததாகவும் ஓநாய் அதில் சாதிக்கும். ஓநாய் ஊதி ஊதி வீடுகளைச் சாய்த்துப் பன்றிக்குட்டிகளைத் தின்னப் பார்க்கும் மூலக்கதை தெரிந்த பிள்ளை அந்தப் புளுகைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிக்கும். இவளோ மூலக்கதையைக் கேட்டதே இல்லை. ஆகவே, அவள் படித்தது அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட ஒருவனின் சோகக்கதை. இந்தக் கல்வியாண்டில் இப்படி என்னிடம் வந்த நான்காவது குழந்தை இவள்.

சிரிப்புக் கதை என்றால் அது சிறு பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும் என்று பெற்றோரும், வருத்தத்துடன் சொல்கிறேன், ஆசிரியர்களும் நம்புகிறார்கள். அது முற்றிலும் தவறு. பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நரி பாடச் சொன்னதும் காகம் வடையைக் காலுக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு பாடியது என்று சொன்னால், நம் பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள்? காகம் வாயைத் திறக்கும், வடை விழும், நரி கவ்விக்கொண்டு ஓடும் என்பது அவர்கள் மனத்தில் முன்பே இருக்கிறது. அது நடக்காமல் போவதுதான் வேடிக்கை. அந்தப் பழைய கதையை அறியாத குழந்தைக்கு அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். ஒரு காகம் பாடியது, ஒரு நரி போய்விட்டது, அவ்வளவுதான். இப்படிப் பழைய கதையைத் திருப்பிப் போடும் கேலிக்கதையைப் படிக்கும் பிள்ளை இரண்டு கதைகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்கும் மேலாக, கதைசொல்லியே பொய் சொல்லக்கூடும் என்று சந்தேகிக்கவும் வேண்டும். இது மூலக்கதையைப் படிப்பதைவிடக் கடினமான வேலை. நான் பார்த்தவரை, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பலர் ‘நான்’ என்று பேசுகிறவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

மூலக்கதை என்று சொல்லும்போதும் சற்றுக் கவனம் தேவை. 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ அச்சிட்ட சிவப்புக் குல்லாச் சிறுமியின் கதை, ஓநாய் அவளைத் தின்பதோடு முடிந்துவிடுகிறது. வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்பது, 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மானிய வடிவம். தவளையை இளவரசி முத்தமிட்டாள் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, கிரிம் கதையில் அவள் அதைச் சுவரில் அறைகிறாள். நீங்கள் வாங்கிய கேலிக்கதை எந்த வடிவத்தைத் திருப்பிப் போடுகிறதோ, அந்த வடிவத்தைத்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஒரு முறை சொன்னால் போதாது. வெவ்வேறு நாட்களில் இரண்டு முறையாவது சொல்லுங்கள், பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள், அதன் பிறகே கேலிக்கதையைக் கையில் கொடுங்கள். பிள்ளை சிரிக்காவிட்டால் நகைச்சுவையை விளக்காதீர்கள். புத்தகத்தை மூடி ஆறு மாதம் கழித்து எடுங்கள். வாசித்து முடித்த கையோடு நீதி என்னவென்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். “ஓநாய் சொல்வதை நீ நம்புகிறாயா?” என்ற ஒரு கேள்வி போதும்.

நீங்களே கதையைத் திருப்பிச் சொல்வதாக இருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிரிப்பு வரவழைப்பதற்காகச் சூனியக்காரியைக் கறுப்பு என்றும் குண்டு என்றும் வருணிக்காதீர்கள். அப்படிச் சொன்ன ஒரு கதைநேரத்தில் வகுப்பே திரும்பி ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். மாற்றாந்தாயைக் கேலி செய்யுமுன், அந்த அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

கண் கலங்கிய அந்தச் சிறுமிக்கு அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் பன்றிக்குட்டிகளின் பழைய கதையைச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவள் அதே புத்தகத்தை விரித்தபடி என் மேசைக்கு ஓடி வந்து, கேக் மாவுக் கிண்ணத்துக்குள் இருந்து நீட்டிக்கொண்டிருந்த முயல் காதுகளை விரலால் தொட்டுக் காட்டினாள்.