30 நாள் வேறு, ஒரு மாதம் வேறு: செக் திரும்பி வந்தவர்களுக்கு

போன வாரமும் ஒருவர் 31-வது நாளில் என் வக்கீல் ஆபீஸில் வந்து உட்கார்ந்தார். செக் திரும்பியதற்கு வங்கி கொடுத்த மெமோ இருக்கிறது, எதிராளி கையெழுத்துப் போட்ட கடன் பத்திரம் இருக்கிறது, சாட்சியும் இருக்கிறார். நாள்தான் இல்லை. "ஜூலை 10-ஆம் தேதிதானே மேடம் பேங்க்ல தகவல் சொன்னாங்க? ஆகஸ்ட் 10 வரைக்கும் டைம் இருக்கே" என்கிறார். ஆகஸ்ட் 9-ஆம் தேதியோடு நோட்டீஸ் கொடுக்க அவருக்கிருந்த கெடு முடிந்துவிட்டது.

இப்படி வருகிறவர்கள் அலட்சியமானவர்கள் கிடையாது. கோர்ட்டு வரை போக வேண்டாம், பேசி வாங்கிவிடலாம் என்று பொறுத்துப் பார்த்தவர்கள். அந்த நல்ல குணத்துக்கே அவர்கள் பணத்தை இழப்பதைப் பார்க்கத்தான் மனசு ஆறவில்லை.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2002 திருத்தத்துக்கு முன்னால் இது வெறும் 15 நாள். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் செக் கொடுத்தவர் பணம் தரவில்லை என்றால், 142-வது பிரிவின்படி அந்த 15 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். ஓரிடத்தில் 30 நாள், இன்னோரிடத்தில் ஒரு மாதம். இரண்டும் ஒன்றுதான் என்றால் சட்டம் ஏன் இரண்டு விதமாக எழுத வேண்டும்?

நாள் என்று இருந்தால் காலண்டரில் விரல் வைத்து எண்ண வேண்டும், வேறு வழியே இல்லை. தகவல் கிடைத்த நாளை விட்டுவிடுங்கள். மறுநாள் ஜூலை 11 ஒன்று, ஜூலை 31 இருபத்தொன்று, ஆகஸ்ட் 9 முப்பது. ஜூலைக்கு 31 நாள் இருப்பதால் "அடுத்த மாசம் அதே தேதி" என்ற மனக்கணக்கு ஒரு நாள் தள்ளிப்போய்விடுகிறது. அதுவே ஜனவரி 30-ல் தகவல் வந்தால், சாதாரண வருஷத்தில் மார்ச் 1 வரை நேரம் உண்டு, லீப் வருஷத்தில் பிப்ரவரி 29-ஓடு சரி. மனக்கணக்கில் இது வராது. தயவுசெய்து எண்ணுங்கள்.

மாதம் என்று இருந்தால் எண்ணவே கூடாது. சட்டங்களில் வரும் பொதுவான சொற்களுக்குப் பொருள் சொல்லும் 1897-ஆம் வருஷத்து ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட், மாதம் என்றால் ஆங்கிலக் காலண்டர் மாதம் என்கிறது. அடுத்த மாதத்தில் அதே தேதி, அந்தத் தேதி அந்த மாதத்தில் இல்லையென்றால் அதன் கடைசி நாள். ஆர்பிட்ரேஷனில், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் கொடுத்த தீர்ப்பை எதிர்க்க 3 மாதம் என்று சட்டம் சொன்னதை 90 நாளாக மாற்றிக் கணக்கிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. இன்னும் எத்தனை பேரிடம் இதைச் சொல்ல வேண்டுமோ தெரியவில்லை.

மாதக் கணக்கிலும் முதல் நாளை விட்டுவிடுவதுதான் முறை. 1999-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு செக் வழக்கில், பணம் தர வேண்டிய 15 நாள் அக்டோபர் 14-ல் முடிந்திருந்தது. நவம்பர் 15-ல் போட்ட புகார் கெடுவுக்குள்தான் என்றது நீதிமன்றம். மறுநாள் அக்டோபர் 15-தான் முதல் நாள், அது கணக்கில் சேராது. 2013-ல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதை உறுதிசெய்தது. அதற்காகக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். நான் என் டைரியில் உண்மையான கெடுவைக் குறிப்பதோடு ஒரு வாரம் முன்னால் இன்னொரு தேதியையும் குறித்து, அந்தத் தேதிக்குத்தான் வேலை செய்கிறேன்.

அவசரமும் ஆபத்துதான். எதிராளிக்கு நோட்டீஸ் கிடைத்து 15 நாள் முழுதாக முடியும் முன்பே புகார் போட்டால் அது புகாரே ஆகாது என்று 2014-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. கோபத்தில் பத்தாவது நாளே "ஃபைல் பண்ணிடுங்க" என்று நெருக்காதீர்கள்.

மொபைலில் தேதி கணக்கிடும் செயலி வைத்திருக்கிறேன் என்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் கடைசி நாளையும் சேர்த்து எண்ணவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் விடை ஒரு நாள் கூடும். ஜூலை 10, ஆகஸ்ட் 9 இரண்டையும் கொடுத்து 30 வருகிறதா என்று முதலில் சோதித்துவிட்டு நம்புங்கள்.

கெடு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தால்? கோர்ட்டில் தாக்கல் செய்வதற்குக் கடைசி நாள் விடுமுறையானால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். இந்தச் சலுகை நோட்டீஸுக்கும் உண்டு என்று வைத்துக்கொண்டு திங்கட்கிழமை தபால் ஆபீஸுக்குப் போகாதீர்கள். சனிக்கிழமையே அனுப்புங்கள். புகார் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸ் தாமதத்துக்கு அப்படி ஒரு வழி எழுதப்படவில்லை.

சரி, 30 நாள் தாண்டிவிட்டது, இனி ஒன்றுமே செய்ய முடியாதா? செக் இன்னும் செல்லுபடியாகும் காலத்துக்குள் இருந்தால் மறுபடி வங்கியில் போடுங்கள். மறுபடியும் திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும். இப்படித் திரும்பிய செக்கை வைத்து வழக்குத் தொடரலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் செல்லுபடிக் காலம் செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அப்படிக் குறைத்துவிட்டது. ஆறு மாதம் என்று இன்னமும் நம்பி செக்கை பீரோவில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

அப்புறம், வரும்போது மெமோவை மட்டும் கொண்டுவராதீர்கள். மெமோவில் அச்சாகியிருப்பது ஒரு தேதி, அது உங்கள் கைக்கு வந்தது இன்னொரு தேதி, செக் திரும்பியதாக வங்கி எஸ்.எம்.எஸ். அனுப்பியது அதற்கும் முந்தைய தேதியாக இருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த எஸ்.எம்.எஸ்.ஸைத்தான் தேடுவார். இருப்பதிலேயே முந்தைய தேதியிலிருந்து எண்ணிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. மெமோ வந்த கவரைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீதையும், அது பட்டுவாடா ஆன விவரத்தைத் தபால் துறை இணையதளத்திலிருந்து அன்றன்றே பிரிண்ட் எடுத்தும் கோப்பில் சேருங்கள். எதிராளியின் 15 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை அந்தத் தாள்தான் கோர்ட்டில் காட்டும்.