இரண்டே பூஞ்சைகள் பெற்ற கொள்ளைநோய்

1992-இல் போலந்துக் காடுகளில் ஆஷ் மரங்கள் கிளை நுனியிலிருந்து கருகத் தொடங்கின. கிரிக்கெட் ஸ்டம்புகள் செய்யக் காலங்காலமாகப் பயன்பட்டு வரும் மரம்தான் அது. பனியோ வறட்சியோ காரணமாக இருக்கலாம் என்றுகூட நினைத்தார்கள். ஒரு பூஞ்சையின் வேலை என்று 2006-இல்தான் தெரியவந்தது. அதற்குள் நோய் பல நாடுகளைத் தாண்டிவிட்டது.

சரி, அது எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் ஆஷ் சருகுகளில் வாழும் சாதுவான பூஞ்சை ஒன்று உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் அதுதான் இது என்று முதலில் முடிவு கட்டினார்கள். மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோதுதான் இது வேறு இனம் என்பது புரிந்தது. ஹைமனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ் என்ற இந்தப் பூஞ்சையின் சொந்த ஊர் கிழக்காசியா. அங்கே மஞ்சூரியன் ஆஷ் மரத்தின் இலைகளில் அதிகச் சேதம் செய்யாமல் குடியிருக்கிறது. அந்த மரத்துக்கு அதோடு நெடுங்காலப் பழக்கம். ஐரோப்பிய ஆஷுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கோடையில், போன ஆண்டு உதிர்ந்த இலைக்காம்புகளில் சில மில்லிமீட்டர் அளவில் வெள்ளைக் கிண்ணங்கள் முளைக்கின்றன. அவை வீசும் ஸ்போர்கள் (பூஞ்சையின் நுண்ணிய வித்துகள்) காற்றில் பறந்து இலைகளில் ஒட்டுகின்றன. பூஞ்சை இலையிலிருந்து காம்புக்கும், காம்பிலிருந்து தண்டுக்கும் இறங்கிப் பட்டையைச் சாகடிக்கிறது. இலை உதிர்ந்ததும் காம்பைச் சுற்றி ஒரு கறுப்பு உறை உருவாகும். உள்ளே இருக்கும் பூஞ்சைக்கு அது நல்ல கவசம் என்பதால் வடக்கு நாடுகளின் குளிர்காலத்தையும் கடந்துவிடுகிறது. காற்றை நம்பியே ஆண்டுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் முன்னேறியது. மனிதர்கள் லாரியில் ஏற்றிப்போன நாற்றுகள் அதற்குக் கிடைத்த இலவசப் பயணம். 2012-இல் பிரிட்டனில் முதலில் அகப்பட்டதும் இறக்குமதி நாற்றுகளில்தான்.

2018-இல் வெளியான மரபணு ஆய்வுதான் எனக்கு இதில் பெரிய வியப்பு. இந்தப் பூஞ்சையின் ஒவ்வொரு தனி உயிரியிலும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். நம்மைப் போலத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு கிடையாது. ஐரோப்பிய மாதிரிகளை ஆராய்ந்தபோது, மரபணுத் தொகுதியின் எந்தப் பகுதியை எடுத்தாலும் பெரும்பாலும் இரண்டு வடிவங்களுக்கு மேல் இல்லை. ஒரு பூஞ்சைக்கு ஒரு வடிவம்தான் என்பதால் கணக்கு எளிது. அதாவது, மொத்தக் கொள்ளைநோயும் இரண்டே இரண்டு பூஞ்சைகளின் சந்ததி! ஒன்றுக்கொன்று எதிர் இணைவகையாக (ஆண், பெண் போல இணையக்கூடிய இரு வகைகளாக) அமைந்ததால் அவை சேர்ந்து இனப்பெருக்கம் செய்ய முடிந்தது. ஒன்று மட்டும் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கிழக்காசியாவில் உள்ள மரபணு வகைகளோ இதைவிடப் பல மடங்கு.

இனி மரங்களின் பக்கம். எல்லா ஆஷும் சாவதில்லை. சிறு விழுக்காடு மரங்கள் நோயோடு தாக்குப்பிடிக்கின்றன, அந்தத் திறன் விதை வழியாகக் கன்றுகளுக்கும் போகிறது. ஆனால் அதைத் தருவது ஒற்றை மரபணு அல்ல. ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகள் கூடித்தான் எதிர்ப்பு உருவாகிறது. இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் மார்டன் பார்க் காட்டில் நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. நோய் வருவதற்கு முன்பே வளர்ந்த பெரிய மரங்களைவிட, பின்னால் முளைத்த கன்றுகளில் எதிர்ப்பு தரும் வடிவங்கள் கூடுதலாக இருந்தன. இயற்கைத் தேர்வு ஒரே தலைமுறையில் வேலையைக் காட்டியிருக்கிறது. நோய் வந்த காட்டில் எல்லா ஆஷையும் ஒட்டுமொத்தமாக வெட்டித் தள்ளுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

“நோய்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே, இறக்குமதிக்கு இன்னும் எதற்குக் கட்டுப்பாடு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கன்றுகள் இப்போது பழகிவருவது அந்த இரண்டு பூஞ்சைகளின் வாரிசுகளோடு மட்டும்தான். கிழக்காசியாவிலிருந்து மூன்றாவதாக ஒன்று வந்து இவற்றோடு கலந்தால், ஐரோப்பிய மரங்கள் இதுவரை சந்திக்காத மரபணுச் சேர்க்கைகள் அடுத்த கோடையிலேயே காற்றில் பறக்கலாம்.