அடிமை எதிர்ப்பாளரா, அடிமைமுறை ஒழிப்பாளரா?

அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸைப் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே 'அடிமை எதிர்ப்பாளர்' என்று வந்து நிற்கிறது. அடிமைகளை எதிர்த்தவர் என்றல்லவா பொருள் வருகிறது! அவரே அடிமையாகப் பிறந்தவர். 1838இல் மாலுமி உடையில், அடிமையல்லாத ஒரு மாலுமியின் சான்றிதழை இரவல் வாங்கிக்கொண்டு பால்டிமோரில் ரயிலேறித் தப்பியவர்.

ஆங்கில மூலச் சொல் 'அபாலிஷனிஸ்ட்'. லத்தீன் வேர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒன்றை அடியோடு இல்லாமல் ஆக்கச் சொல்பவர் என்று பொருள்.

சிலர் 'அடிமைத்தன எதிர்ப்பாளர்' என்று திருத்துகிறார்கள். அதுவும் சரியில்லை. எதிர்ப்பது வேறு, ஒழிக்கச் சொல்வது வேறு. லிங்கனும் அடிமைமுறையை வெறுத்தவர்தான். புதிய பகுதிகளுக்கு அது பரவக் கூடாது என்றார். ஆனால் ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் அதில் கைவைக்கும் எண்ணம் இல்லை என்று 1861 பதவியேற்பு உரையில் சொன்னார். அதற்காகத்தான் டக்ளஸ் அவரைக் கடுமையாகச் சாடினார். இருவருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தச் சண்டை எதற்கென்றே வாசகருக்குப் புரியாது.

அப்புறம் அந்தத் 'தனம்'. சோம்பேறித்தனம், கஞ்சத்தனம் போல அது ஆளின் குணத்தைச் சொல்லும். 1845இல் தன் வரலாற்றை வெளியிட்ட டக்ளஸ், பிடிபடாமல் இருக்கக் கடல் கடந்து போய் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் மேடை மேடையாக முழங்கினார். அவரிடம் அடிமைத்தனம் துளியும் இல்லை. ஆனாலும் அவர் பிறந்த மேரிலாந்து மாநிலச் சட்டப்படி அவர் இன்னொருவரின் சொத்து. 1846இல் நண்பர்கள் 150 பவுண்டு திரட்டிக் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கிய பிறகே அச்சமின்றி ஊர் திரும்பினார். விலை, பத்திரம், சட்டம் எல்லாம் இருக்கும் ஒன்றை 'முறை' என்றுதான் சொல்ல வேண்டும்.

'அடிமை ஒழிப்பாளர்' என்று சுருக்குவதும் ஆபத்து. கொசு ஒழிப்பு மாதிரி ஆகிவிடும். அடிமைமுறை ஒழிப்பாளர் என்று முழுசாகவே எழுதலாம். இரண்டு எழுத்து மிச்சம் பிடிப்பதற்காகப் பொருளைத் தலைகீழாக்கும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்வது?

டக்ளஸ் போன்றோரின் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தின் பெயரிலேயே 'எதிர்ப்பு' இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். இருந்தது. 1865 மே மாதம், வேலை முடிந்தது, சங்கத்தைக் கலைக்கலாம் என்று அதன் தலைவர் கேரிசன் சொன்னபோது, கறுப்பர் கையில் வாக்குரிமை வரும்வரை அடிமைமுறை ஒழிந்ததாகாது என்று டக்ளஸ் மறுத்தார். கறுப்பரின் வாக்குரிமைக்கான 15ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த 1870இல்தான் சங்கம் கலைந்தது.