திவாலானவர் கையில் திருவோட்டைத் திணித்தது யார்?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க ஒரு சின்னக் கையேடு வந்தது. கடன் கட்ட வழியில்லாமல் நீதிமன்றத்துக்குப் போகிறவர் தம் வங்கிக் கணக்கையும் வருமான வரியையும் எப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் கையேடு. நோக்கம் நல்லதுதான். ஆனால் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி: "தனிநபர் ஓட்டாண்டித்தனத்தை நாடுவோர், தாங்கள் வெளியேற்றப்படும் வரை அறங்காவலர் அனுமதியின்றி உறைந்த கணக்கைத் தொடக் கூடாது, வரி திரும்பப் பெறுதலையும் தவறாமல் தாக்கல் செய்க."

இதைப் படிக்கப் போகிறவர் ஏற்கெனவே பல நாள் தூங்காதவர். அவரை ஓட்டாண்டி என்று கூப்பிட்டு, எங்கிருந்தோ வெளியேற்றி, கோயில் அறங்காவலர் வாசலில் நிறுத்தி, குளிர்பெட்டியில் வைத்த கணக்கைத் தொடாதே என்று மிரட்டினால் மனிதர் என்ன ஆவார்? பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம், ஓட்டாண்டிதான் எனக்குத் தாங்கவில்லை. அகராதிகளில் திவாலுக்கு நேராக இந்தச் சொல் குந்தியிருக்கிறது, மொழிபெயர்ப்பவர்களும் யோசிக்காமல் எடுத்துப் போடுகிறார்கள். இந்த வருஷம் என் மேசைக்கு இது வருவது மூன்றாம் முறை.

முதலில் சொற்களின் பிறப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தின் 'பேங்க்ரப்ட்சி' இத்தாலியத்தின் 'பாங்கா ரோட்டா'விலிருந்து வந்தது. உடைந்த பலகை என்று பொருள். காசு மாற்றுபவர் உட்கார்ந்து தொழில் செய்த பலகைதான் பாங்கா, வங்கிக்கான ஆங்கிலச் சொல்லும் அதே பலகைதான். கடன் கொடுத்தவர்கள் வந்து பலகையை நிஜமாகவே உடைத்தார்கள் என்ற கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை, உருவகமாகவே தோன்றியிருக்கலாம். அதே சொல் டச்சு வடிவில் இலங்கைக்கு வந்து வங்குரோத்து ஆனது என்பதே பொருத்தமாகப் படுகிறது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியபோது அந்நாட்டுத் தமிழ் நாளேடுகளில் எங்கு திரும்பினாலும் வங்குரோத்துதான்.

நம் திவால், இந்தியின் 'திவாலா'. அதை 'தியா' என்ற விளக்கோடு சேர்த்துச் சொல்வார்கள். தொழில் கவிழ்ந்த வணிகர் கடையில் விரிப்பைச் சுருட்டிவிட்டுப் பட்டப்பகலில் விளக்கேற்றி வைப்பாராம். பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்களாம். கதை உண்மையோ இல்லையோ, அதில் இருக்கும் ஒரு குணம் எனக்குப் பிடிக்கும்: அந்த வணிகர் ஒளியவில்லை, தாமாகவே ஊருக்கு அறிவிக்கிறார்.

நொடிப்பு தமிழ்ச் சொல். விரலைச் சொடுக்கும் நேரமும் நொடி, வண்டிச் சக்கரம் இறங்கும் நொடிப்பள்ளமும் நொடி. 'வியாபாரம் நொடிச்சுப்போச்சு' என்று இன்றும் சொல்கிறோம். வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது, ஆனால் வண்டி வண்டியாகத்தான் இருக்கிறது.

சரி, ஓட்டாண்டிக்கு வருவோம். ஓடு கூட்டல் ஆண்டி. திருவோட்டைத் தவிர வேறெதுவும் இல்லாதவர். இந்தச் சொல்லை வைத்து நீதிமன்ற நடவடிக்கை ஒன்றைச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டிக்கு யாராவது கடன் கொடுப்பார்களா? வங்கி கொடுக்குமா? திவாலாவதற்கு ஒருவர் முதலில் கடன் கொடுக்கத் தகுந்தவராக இருந்திருக்க வேண்டும். அவருக்குக் கணக்கு உண்டு, சொத்து உண்டு, வரவு உண்டு. கட்ட வேண்டியது அவற்றைவிட அதிகம், அவ்வளவுதான். ஒன்றுமில்லாதவருக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை? பங்கிட ஏதாவது இருக்கலாம், இருப்பதை ஒழுங்காகப் பங்கிட வேண்டும் என்பதற்காகத்தானே இந்தச் சட்டமே.

சட்டம் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் சாதாரண மனிதரின் நொடிப்பை இன்னும் இரண்டு பழைய சட்டங்கள்தான் ஆள்கின்றன. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற இடங்களுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். 2016-இல் வந்த புதிய நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, திவாலானவரின் சொத்தெல்லாம் நீதிமன்றத்திடமோ, அதை வாங்கிப் பங்கிட நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடமோ போகும் என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு வேலியும் போடுகிறது: சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்கிறதோ அதெல்லாம் போகாது. அந்தப் பட்டியலைப் படித்தால் ஓட்டாண்டி என்று எழுதக் கை வராது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, தொழிலாளியின் கருவிகள். தாலியையும் சோற்றுப் பானையையும் உளியையும் தொடாதே என்று சட்டம் கையைப் பிடித்துத் தடுக்கிறது. ஒருவர் ஓடு ஏந்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாட்டுக்கு ஓட்டாண்டித்தனம் என்று பெயர் வைப்பது, குடைக்கு நனைவான் என்று பெயர் வைப்பது போல.

இன்னொன்று. மக்கள் பேச்சில் இதற்கு இருக்கும் சொற்களைப் பாருங்கள்: 'ஐ.பி. கொடுத்துட்டார்', 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்'. ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன். மஞ்சள், நோட்டீஸ் வந்த தாளின் நிறத்தால் என்பார்கள். இதில் ஏளனம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வினையைக் கவனியுங்கள். கொடுத்தார். இது கடனாளி எழுதிக் கொடுக்கும் மனு என்பது கடைத்தெருவுக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டாண்டிக்கு என்ன வினை? ஆனார். விதி வந்து மோதியது போல.

தனித்தமிழ் நண்பர் ஒருவரிடம் இதைப் பேசினேன். அவருக்கு ஓட்டாண்டி மேல் பெரிய காதல் இல்லை, ஆனால் திவாலை ஒழிக்க வேண்டும். "இந்திச் சொல்லுக்காக ஏங்க இப்படி மல்லுக்கு நிக்கிறீங்க? நொடிப்பு இருக்கே, ரெண்டுக்கும் அதையே போடுங்க" என்றார். எனக்கும் தமிழ்ச் சொல் என்றால் ஒரு சாய்வு உண்டு. ஆனால் இங்கே இரண்டு பொருள் இருக்கிறதே. கையில் இருப்பதைவிடக் கட்ட வேண்டியது கூடிப்போன நிலை ஒன்று. நீதிமன்றம் விசாரித்து, இவர் இன்ன நிலையினர் என்று உத்தரவு போட்டு அறிவிப்பது இன்னொன்று. முதலாவது யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே நடக்கும். இரண்டாவதற்குத் தேதி உண்டு, எண் உண்டு. 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பு இரண்டையும் தனித்தனிப் படியாகவே வைத்திருக்கிறது: முதலில் கடனைத் திருப்பிக் கட்டும் திட்டம் போட்டுப் பார்ப்பது, அது சரிப்படாவிட்டால்தான் அடுத்த உத்தரவு. ஆகவே முதலாவதற்கு நொடிப்பு, இரண்டாவதற்குத் திவால். நொடித்தவர் எல்லாரும் திவாலானவர் இல்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது. நண்பருக்கு இதற்குப் பதில் இல்லை, பேச்சை மாற்றிவிட்டார்.

(அந்தத் தொகுப்பின் ஆங்கிலப் பெயர் இன்சால்வென்சி அண்ட் பேங்க்ரப்ட்சி கோட், அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் ஐ.பி.சி. என்றுதான் வரும். இந்தியத் தண்டனைச் சட்டமும் நம் செய்தித்தாள்களில் நெடுங்காலம் ஐ.பி.சி.தான். கடனாளிக்குக் கைவிலங்கு மாட்டப் போகிறார்கள் என்று பயந்து ஒருவர் எனக்கு போன் செய்தார். நம் எழுத்தில் ஒரே 'ப' இருப்பதன் வினை.)

கையேட்டின் மற்றச் சொற்கள். 'வெளியேற்றம்' என்பது டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதும் அதே ஆங்கிலச் சொல் என்பதால் வந்த வினை. கடனிலிருந்து விடுவிக்கும் உத்தரவுக்கு விடுவிப்பு போதும். இதைக் கடன் தள்ளுபடி என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் ஆபத்து. தள்ளுபடி கடன் கொடுத்தவர் செய்வது, விடுவிப்பு நீதிமன்றம் செய்வது. அதோடு எல்லாக் கடனிலிருந்தும் விடுதலை கிடைப்பதில்லை. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, அரசுக்குக் கட்ட வேண்டிய கடனை விடுவிப்பு உத்தரவு தீர்க்காது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வரி பாக்கி அப்படியே நிற்கும். 'தள்ளுபடி' என்று படித்தவர் வரி நோட்டீஸைக் கிழித்துப் போட்டால் அந்தப் பழி யாருக்கு?

'அறங்காவலர்' அறக்கட்டளைக்கும் கோயிலுக்கும் உரியவர். இங்கே இருப்பவர் கடன் கொடுத்தவர்களுக்காகச் சொத்தை வாங்கி விற்றுப் பங்கிடுபவர். அறம் அவர் வேலை இல்லை. பழைய சட்டங்களில் ரிசீவர், சென்னையில் அஃபிஷியல் அசைனி. சொத்துப் பொறுப்பாளர் என்றால் யாருக்கும் விளங்கும். ரிசீவர் என்றே விட்டாலும் எனக்குச் சண்டை இல்லை.

'உறைந்த கணக்கு' பற்றி என்ன சொல்ல? கணக்கு உறையாது, முடங்கும். முடக்கம் என்ற நல்ல சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. அதே வங்கியில் ஒருவருக்கு வைப்பும் கடனும் இருந்தால் ஒன்றை மற்றதில் கழித்து மிச்சத்தை மட்டும் பார்ப்பார்கள். அதே 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கையேடு இதை 'ஈட்டெதிர்ப்புரிமை' என்கிறது. இந்தச் சொல்லைக் குழு உட்கார்ந்து செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை. கணக்கு எழுதுகிறவர் எவரைக் கேட்டாலும் 'நேர் பண்ணிக்கிறது' என்பார். நேர்செய்தல். முடிந்தது.

எல்லாவற்றிலும் மோசம் 'வரி திரும்பப் பெறுதல்'. ரிட்டர்ன் என்றால் திரும்புவது, ஆகவே திரும்பப் பெறுதல். அப்படியானால் ரீஃபண்டுக்கு என்ன வைப்பது? வருமான வரிக் கணக்குத் தாக்கல் ஒன்று, கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வருவது வேறொன்று. திவாலானவருக்கு இந்த வேறுபாடு விளையாட்டு இல்லை. கணக்குத் தாக்கல் செய்யும் கடமை அவருடையது, மனு கொடுத்ததால் அது போய்விடாது. திரும்பி வரும் பணமோ அவருடையது இல்லாமல் போகலாம். விடுவிப்பு வரும் வரை புதிதாக வந்து சேரும் சொத்தும் ரிசீவரைச் சேரும் என்று 28-ஆம் பிரிவே சொல்கிறதே. இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பினால், கடமையை விட்டுவிட்டுப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுவார். இரண்டும் தப்பு.

இன்னும் ஒரு வரி கையேட்டில் அடியில் இருந்தது: "ஓட்டாண்டிகள் ஐம்பது ரூபாய்க்கு மேல் நம்பகத்தன்மை பெறக் கூடாது." கொஞ்ச நேரம் முழித்துவிட்டு அப்புறம்தான் புரிந்தது. அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவு: விடுவிப்புக் கிடைக்காதவர், தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறை. கிரெடிட் என்பதை நம்பகத்தன்மை ஆக்கிவிட்டார்கள். கிரெடிட் கார்டைத் தேய்க்காதே, ஓவர்டிராஃப்ட் எடுக்காதே என்று ஒருவரைக் காப்பாற்ற வேண்டிய வரி, யாரும் உன்னை நம்பக் கூடாது என்று ஆகிவிட்டது. 'சொல்லாமல்' என்ற உயிரான சொல்லும் காணோம்.

இப்படி எழுதுபவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரியும், அகராதியும் பக்கத்தில் இருக்கிறது. தெரியாதது அந்த வேலை. வங்கியில் ஒரு நாள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் முக்கால்வாசிச் சொல் கிடைத்துவிடும்.

திருத்திய வரியை இப்படி எழுதி அனுப்பினேன்: "திவால் மனு கொடுத்தவர், விடுவிப்பு உத்தரவு வரும் வரை, முடக்கிய கணக்கிலிருந்து ரிசீவரைக் கேட்காமல் பணம் எடுக்கக் கூடாது. வருமான வரிக் கணக்கை வழக்கம்போல் தாக்கல் செய்ய வேண்டும்." நேற்று அச்சுக்குப் போகும் பிரதி வந்தது. உள்ளே எல்லாம் திருத்தியிருக்கிறார்கள், நன்றி. அட்டையில் மட்டும் கொட்டை எழுத்தில்: ஓட்டாண்டி ஆகிவிட்டீர்களா? தலைப்பில் கொஞ்சம் காரம் வேண்டுமாம்.